நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

மழை பிடித்து அரை நாள் ஆகியிருந்தது. என் கட்டிலின் கால்களுக்கு அடியில் மனைவி அடுக்கியிருந்த செங்கற்களில் மேல் கல் மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. நான் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தொங்கவிட்டு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, எது வரைக்கும் இருக்கு?" என்று வாசலில் இருந்து கேட்டாள். அவள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திய பலகையை முதுகால் முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தெருத் தண்ணீர். இந்தப் பக்கம் மணல் மூட்டைகள், அவள், அப்புறம் நான்.

"மேல் கல்லுல பாதி."

"பொய் சொல்லாதீங்க."

"முக்கால்னு வெச்சுக்கோ."

இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், ஒருநாள் நானே லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டேன், லிஃப்ட் இல்லாமல். அன்றிலிருந்து கட்டில், சக்கர நாற்காலி, மறுபடி கட்டில். தண்ணீர் மெத்தைக்கு வந்தாலும் என் கால்கள் எனக்குத் தகவல் சொல்லாது. கண்ணால் பார்க்க வேண்டும், இல்லை கையால் தொட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கை. பயமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு ஒரு காலத்தில் ரோட்டைவிட உயரமாக இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார், அதன் மேலேயே மறுபடி தார் என்று போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்தது, வீடு வளரவில்லை. படியேறி உள்ளே வந்தவர்கள் படியிறங்கி வர ஆரம்பித்தோம். என் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் முன்பு ஆட்களின் முகம் தெரியும். பிறகு இடுப்பு தெரிந்தது. இப்போது கால்கள்தான். தண்ணீர் வராமல் இருக்க ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கண்ணாடி வைத்து அடைத்திருக்கிறோம். இந்தத் தெருவில் யார் போகிறார்கள் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடுவேன். யார் வீட்டில் புதுச் செருப்பு வாங்கினார்கள் என்பது அவர்கள் வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் ரோட்டைத் தரம் உயர்த்தப் போகிறோம் என்று வந்தார்கள். தரம் என்றால் உயரம் என்று புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இரண்டு பக்கமும் வீடுகளின் முன்பக்கத்தை நறுக்கி ரோட்டை அகலமாக்கினார்கள். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். வேலையை மேற்பார்வை பார்த்த மஞ்சள் தொப்பிக்காரர் நல்ல மனுஷன், கோபமே வராது. எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் முடிஞ்சிடும்" என்பார். தெருவில் அவர் பெயரே அடுத்த வாரம் என்று ஆகிவிட்டது.

நடுச்சுவர் வந்ததில் என் மனைவிக்குத்தான் பெரிய அடி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, அவளுடைய அக்கா வீடு, அதுவும் எங்களுடையது போலவே ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. புருஷன் போன பிறகு தனியாக இருப்பவர். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துப் பிழைப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். முன்பெல்லாம் சமைத்தது எதுவானாலும் ஒரு கிண்ணம் ரோட்டைத் தாண்டிப் போகும், இன்னொரு கிண்ணம் தாண்டி வரும். நடுச்சுவர் வந்த பிறகு வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறிக் குதிக்க இரண்டு பேருக்கும் வயது இல்லை. சிக்னல் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருந்த அக்கா, பஸ் ஏறிப் போகும் தூரத்துக்குப் போய்விட்டார்.

அந்தச் சுவரின் அடியில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருந்தார்கள். ஒரு பக்கத் தண்ணீர் மறு பக்கம் போவதற்காக. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கும். சண்டை அங்கே இருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் அக்கா பக்கத்து ரோட்டைத்தான் போட்டு முடித்தார்கள். அப்போது அது எங்கள் பக்கத்தைவிட உயரம். முதல் மழை வந்ததும் அவர்கள் பக்கத் தண்ணீர் முழுக்க ஓட்டைகள் வழியாக எங்கள் பக்கம் கொட்டியது. அதை முதலில் பார்த்தவன் நான்தான், என் ஜன்னலுக்கு அந்த ஓட்டைகள் நேராகத் தெரியும். நான்தான் கத்தினேன். "அவங்க தண்ணியெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வருது பாரு." வாசல்படி வரை வந்துவிட்டுத்தான் வடிந்தது.

மறுநாள் என் மனைவி களத்தில் இறங்கினாள். மருந்துக் கடையில் நின்று நின்று வேலை பார்க்கிறவள், நிற்க வைத்துப் பேசுவதில் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டு வெல்டரைக் கூப்பிட்டாள், சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். உடைந்த செங்கல், சாக்கு, சிமென்ட். வெல்டர் மேலாகப் பூசிவிட்டுக் கையை உதறியபோது அவள் விடவில்லை. "கையை உள்ள விட்டு அமுக்குங்க அண்ணே. முழங்கை வரைக்கும் போகட்டும். நாளைக்குத் தண்ணி வந்து தள்ளினா நிக்க வேணாமா?" ஓர் ஓட்டையைக்கூட விடவில்லை. அன்றைக்கு வெல்டர் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். எனக்கும் அது பிடித்துப்போய் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

அக்கா அந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் போட்டார். "ஏண்டி, இங்க தண்ணி நின்னா அது எங்க போகும்?"

"உங்க பக்கத்துத் தண்ணிய உங்க பக்கமே வெச்சுக்குங்க" என்றாள் இவள். தெருவே சிரித்தது. நானும் கட்டிலில் கிடந்தபடி சிரித்தேன்.

சில நாள் கழித்து மறுபடி மழை. எங்கள் பக்கம் காய்ந்து கிடந்தது. அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினார். என்ன சொன்னாரோ தெரியாது, இவள், "எங்க வீட்டுக்குத் தண்ணி வந்தப்ப நீ வந்து எட்டிப் பாத்தியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு பால்காரர் சொல்லித்தான் தெரியும், அக்கா வீட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்ததாம், தையல் மெஷின் மோட்டார் போய்விட்டதாம். "மோட்டார்தானே, மாத்திக்கலாம்" என்றாள் மேஸ்திரி. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. கிண்ணம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு நிலைமை தலைகீழானது, எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. அக்கா பக்கத்து மழைநீர்க் கால்வாயை முடித்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ரோட்டையும் உயர்த்திப் போட்டார்கள். எங்கள் பக்கத்துக் கால்வாய் மட்டும் பாதி தூரம் வந்து ஒரு மண்மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அது எப்போது முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. காதுதான் சொல்லிக் கொடுத்தது. அவள் பலகைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த அந்த மழை நாளில், எங்கள் பக்கம் முழங்கால் ஆழத் தண்ணீரில் வண்டிகள் நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஈரத் தாரில் டயர் ஒட்டிப் பிரிகிற சத்தம், தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் இல்லை.

"ஏம்மா, அந்தப் பக்கச் சத்தத்தைக் கேளு. அங்க தண்ணி நிக்கலை."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மாறியதைப் பார்த்தேன். "நம்ம அடைச்ச ஓட்டை" என்றாள். 

பலகைக்குப் பின்னால் அவளுக்குப் பதிலாக ஏதாவது முட்டு வேண்டும். என் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து பலகையோடு சேர்த்து நிறுத்தி பிரேக் போட்டாள். கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து, எப்படித் தூக்கினாளோ, நாற்காலியின் மேல் வைத்தாள். என் இடத்தில் சிலிண்டர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பிறகு பலகையைத் தாண்டி வெளியே போனாள்.

என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நான் ஆள் கொஞ்சம் கனம். அந்தப் படிகளில், அந்தப் பலகைக்கு மேலாக என்னைத் தூக்கிப் போக நாலு ஆண்கள் வேண்டும். பலகையை எடுத்தால் தெரு மொத்தமும் உள்ளே வரும், நாலு பேர் என்னைத் தொடுவதற்குள் கட்டில் முழுகிவிடும். அந்த நேரத்தில் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் தன் தன் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெல்டர் தன் வீட்டு ஜன்னல் வழியாகக் கடப்பாரையை நீட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜன்னலில் அவளுடைய கால்களைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு செருப்பு கழன்று மிதந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடுச்சுவரிடம் போய்க் குனிந்து கையை விட்டுத் துழாவினாள். பிறகு கடப்பாரையால் குத்தினாள். தண்ணீருக்குள் குத்தினால் வேகம் எங்கே இருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை வழுக்கிப் பக்கவாட்டில் போனது. கலங்கிய தண்ணீரில் ஓட்டை எங்கே, சுவர் எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"கெடைக்க மாட்டேங்குதுங்க" என்று கத்தினாள்.

"கொஞ்சம் இடது பக்கம்."

"அங்கதான் குத்தறேன். நல்லா இறுகிக் கெடக்கு."

இறுகாமல் என்ன செய்யும். முழங்கை வரை கையை விட்டு அமுக்க வைத்தவள் இவள்தான். வேறு நேரமாக இருந்தால் நான் சொல்லிக் காட்டியிருப்பேன். அப்போது என் தொங்கும் கையின் மணிக்கட்டு நனைந்திருந்தது. கல் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, கட்டிலின் இரும்புச் சட்டம்தான் தட்டுப்பட்டது.

"அக்காவைக் கூப்பிடு" என்றேன். "அந்தப் பக்கம் தண்ணி இல்ல. அங்கருந்து உடைச்சா ஓட்டை கண்ணுக்குத் தெரியும்."

அவள் காதில் விழுந்தது. விழாதது மாதிரி மறுபடி குத்தினாள்.

"உன்னத்தான் சொல்றேன்."

"சும்மா இருங்க. எனக்குத் தெரியும்."

அவளுக்கு எதுவும் தெரியாது. தன் அக்காவிடம் போய் நிற்பதைவிட அந்தக் கான்கிரீட்டைப் பல்லால் கடித்து எடுப்பது அவளுக்குச் சுலபம். இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அது தெரியாதா. எனக்கு அவள் மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என் உயிரை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்கிறாளே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கிறீச்சென்று ஒரு சத்தம். சக்கர நாற்காலி பிரேக் போட்டபடியே ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது. பலகையின் ஒரு ஓரம் விலகி, அந்த இடைவெளியில் தண்ணீர் ஒரு விசிறி விரித்தது மாதிரி உள்ளே பாய்ந்தது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்து எழுந்து உட்கார்ந்தேன். மெத்தையின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மெத்தை நனையுது" என்றேன். கத்தக்கூட இல்லை. குரல் அவ்வளவுதான் வந்தது.

அது எப்படி அவளுக்குக் கேட்டது என்று தெரியவில்லை. கடப்பாரையைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். இரண்டு கையையும் நடுச்சுவரின் மேல் ஊன்றி, "அக்கா" என்றாள். பிறகு இன்னும் பலமாக, "அக்கா" என்றாள். அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று.

 பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல், வெகு அருகில். "என்னடி."

"ஓட்டைய உடைச்சு விடுக்கா. இந்தப் பக்கம் கைக்கு எட்ட மாட்டேங்குது. அவரு கட்டிலுக்குத் தண்ணி வந்துடுச்சு."

"உடைச்சா தண்ணி எங்க வரும்?"

 என் மனைவி ஒரு பொய் சொல்லட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கால்வாய் இருக்கு, அதில் போய்விடும் என்று சொல்லலாம், அது முழுப் பொய்கூட இல்லை.

"உன் வீட்டுக்குத்தாங்க்கா வரும்" என்றாள்.

"இரு" என்றார் அக்கா.

அப்புறம் ஒன்றுமே இல்லை. வண்டிச் சத்தம், மழைச் சத்தம். எங்கோ ஒரு கதவு சாத்துகிற மாதிரிக் கேட்டது. என் மனைவி சுவரில் கை ஊன்றியபடியே நின்றாள், என் பக்கம் திரும்பவே இல்லை. வெல்டர் அவர் ஜன்னலில் இருந்து, "என்ன மேஸ்திரி, என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.  அந்தப் பெயர் எனக்கே அன்று காதில் நாராசமாக விழுந்தது.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். யார் சாத்த மாட்டார்கள்? ஆனால் அப்போது எனக்கு நியாயம் பேசுகிற மனசு இல்லை. எத்தனை வருஷம் இந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தவர். என்னைத் தம்பி தம்பி என்றவர். வாய்க்கு வந்ததை எல்லாம் மனசுக்குள் சொல்லித் திட்டினேன். அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

அதற்குள் சிலிண்டர் சரிந்தது. நாற்காலி திரும்பிக்கொண்டது. பலகை ஒரு பக்கமாக வளைந்து நின்றது, எப்போது விழும் என்று அதற்கே தெரியாத மாதிரி. தண்ணீர் மெத்தைக்கு மேல் ஏறியது. என் இடது கால் மெத்தையை விட்டு மெதுவாக நகர்ந்து போவதைப் பார்த்தேன். என்னுடைய கால்தான். யாரோ ஒருவருடைய பொருள் மிதந்து போவது போல அது ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கால்சட்டையைப் பற்றி இழுத்துக் காலை மறுபடி என் பக்கம் வைத்தேன். அது மறுபடி போனது. நான் மறுபடி இழுத்தேன். கம்பியை விட்டால் முழு ஆளும் அப்படித்தான் போவேன் என்று புரிந்தது. 

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சிமென்ட்டில் இரும்பு விழுகிற சத்தம். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. தண்ணீருக்குள் குத்தும் மொக்கைச் சத்தம் இல்லை, தண்ணீர் நிற்காத சுவரில் விழுகிற கணீர் சத்தம்.

"அக்கா" என்று என் மனைவி கத்தினாள். "இன்னும் கீழ. இன்னும் கீழக்கா. உள்ள செங்கல் இருக்கும், அதைத் தள்ளு."

"தெரியுதுடி. பேசாம நில்லு."

இரும்பு விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு தடவை சத்தம் வேறு மாதிரி கேட்டது. மிதந்துகொண்டிருந்த செருப்பு ஒரு சுற்று சுற்றியது. தயங்கித் தயங்கி நடுச்சுவரை நோக்கிப் போக ஆரம்பித்தது, பிறகு வேகமாகப் போனது, பிறகு காணாமல் போனது. அந்தப் பக்கத்தில் அக்கா ஏதோ கத்தினார். தண்ணீர் அவர் காலை வாரியிருக்க வேண்டும். ஆனால் சத்தம் நிற்கவில்லை. அடுத்த ஓட்டைக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும்.

ஜன்னலில் என் மனைவியின் முழங்கால் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கணுக்கால் தெரிந்தது. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

அவள் உள்ளே ஓடி வந்து என் காலைத் தூக்கி மெத்தையில் வைத்துப் போர்வையைச் சுற்றினாள். அது ஈரப் போர்வை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. வெளியே நடுச்சுவருக்கு அப்பால் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "உனக்காக ஒண்ணும் உடைக்கலை. தம்பிக்காக உடைச்சேன். தெரிஞ்சுக்கோ."

மழை விட்டதும் ஆண்கள் அவரவர் பலகையை விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் வீடு முழுக்கச் சேறு, மெத்தையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். முதுகில் ஈரம் பட்டால் புண் வந்துவிடும் என்று என் மனைவி துடித்தாள், மருந்துக் கடைக்காரி அல்லவா. "இங்க கொண்டு வாங்க" என்று அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. வெல்டர், சைக்கிள் கடைக்காரர், இன்னும் இரண்டு பேர் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். நடுச்சுவருக்கு மேலாக என்னைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். சுவர் கட்டிய பிறகு அதை முறையாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்று வெல்டர் சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. கணுக்கால் அளவு வந்து, கால்வாய் இழுத்துக்கொண்டதில் திரும்பிப் போயிருந்தது. தரை ஈரமாக இருந்தது. தையல் மெஷினின் அடிப்பாகம் மட்டும் மூலையில் தனியாக நின்றது. அதன் தலை கழற்றப்பட்டு, புது மோட்டாரோடு பாலிதீனில் சுற்றப்பட்டு அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெட்டி வைத்த சீருடைத் துணிகளும் மூட்டையாக ஏறியிருந்தன.

நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தார். "ஸ்க்ரூ ஒண்ணு வரவே மாட்டேன்னுடுச்சு தம்பி. தனி ஆளு. அதான் நேரமாயிடுச்சு" என்றார். உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் ஜன்னலோரம் கிடந்து நான் திட்டியது எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது.

சுவரோரமாக இருந்த அவருடைய கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். முதுகுக்குக் காய்ந்த துணி கிடைத்த சுகத்தில் கண்ணை மூடினேன். திறந்தபோது என் முகத்துக்கு எதிரே சுவரில் ஒரு கோடு தெரிந்தது. சுவரின் கீழ்ப்பாதிக்கு வேறு நிறம் அடித்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது செம்மண் நிறம். கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்திருந்தது. கோடு அறையைச் சுற்றி, கதவுக்கு அந்தப் பக்கமும், அலமாரியின் குறுக்கேயும் ஒரே மட்டத்தில் ஓடியது. படுத்தபடியே கையை மேலே நீட்டிப் பார்த்தேன். என் விரல்நுனிதான் அதைத் தொட்டது. படுத்திருக்கும் என் மூக்குக்கு மேலே ஒரு முழம்.

என் மனைவி துணியும் வாளியுமாக உள்ளே வந்தாள், அக்கா வேண்டாம் என்றாலும் கேட்காமல் தரையைத் துடைக்க. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஈரத் தரையைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

"இது இன்னிக்கு வந்ததா?"

"இன்னிக்கு எங்க அவ்வளவு வந்துச்சு" என்றார் அக்கா. "அது அன்னிக்கு."

"கொஞ்சம் தண்ணின்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"பால்காரர்."

"அவருக்கு என்ன தெரியும், வடிஞ்ச பிறகு வந்தவரு. உனக்குத்தான் போன் பண்ணேன். நீதான் வெச்சுட்டியே."

என் மனைவி கையில் இருந்த துணியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நீ எங்கக்கா இருந்த அப்ப?"

"எங்க இருப்பேன். மெஷின் மேஜை மேல ஏறி நின்னேன். கதவைத் திறக்க முடியலை. அங்க நின்னுதான் உனக்குப் போன் பண்ணேன்." அக்கா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தலையணை போதுமா என்று பார்த்தார். "மோட்டார் போனதுகூட நான் மிதிச்சுத்தான் போலிருக்கு."

 இப்படிப்பட்ட நேரத்தில் எதையாவது சொல்லி மேஸ்திரியைச் சீண்டுவது என் வழக்கம், இப்போது சீண்டவில்லை.  அன்றைக்கு உங்க தண்ணிய உங்க பக்கமே வெச்சுக்குங்க என்று இவள் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

என் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். துணியைப் பிழிந்து அந்தக் கோட்டில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து என் மார்மேல் விழுந்தது.

"அது போகாதுடி" என்றார் அக்கா. "நானும் தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.